பூவாடைக்காரியின் பெயர்

2024ஆம் ஆண்டு ஆவணியில் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு திருமணம். ஊர், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் சிறு கிராமம். வடமாவட்டங்களின் பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்பாகப் பூவாடைக்காரியை அழைத்துவந்து படைக்கும் வழக்கம் இருப்பதை வாசக நண்பர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும். பூவும் பொட்டுமாய் இருக்கும் வயதில், கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண் அந்த வீட்டின் தெய்வமாக நின்று காப்பாள் என்பது நம்பிக்கை. நீர்நிலைக்குப் போய்க் கரகம் சோடித்து, பம்பை முழங்க அவளை அழைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுப்புடவையும் வளையலும் மஞ்சளும் வைத்துப் படைப்பார்கள். படைத்த புடவையைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள்.

அன்று ஏரிக்கரையில் பம்பைக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா பேரு என்னங்க?" என்று கேட்டார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பூவாடைக்காரின்னே கூப்புடுங்க" என்றார் ஒரு பெரியப்பா. பம்பை மறுபடியும் முழங்கத் தொடங்கியது. நாங்கள் தலை குனிந்து நின்றோம். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் மகள் மட்டும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அந்தப் பூவாடைக்காரி 1987இல், பத்தொன்பதாம் வயதில் இறந்தவள். எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்த அக்காள். மற்றவருக்கு முகம் பார்த்திராத நாத்தனார். அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். ஊருக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. மருமகளாக வந்தவருக்கும் முதல் நான்கு ஆண்டுகள் அதே காய்ச்சல்தான் சொல்லப்பட்டது. அவள் இறந்தபோது பதினோரு வயதாயிருந்த தம்பியை அன்றே வேறு ஊரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து அவன் திரும்பி வந்தபோது அக்காளின் தகரப்பெட்டி இருந்த இடம் மெழுகிவிடப்பட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திருமணத்துக்குப் போய்த் திரும்பிய அன்று இரவு மகள் கேட்டாள்: "அந்தச் சாமிக்குப் பேரே இல்லையா?"

"அப்புறம் சொல்றோம்" என்றோம். பெற்றோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பதில்தான் அது.

அவள் கேட்டதற்கு ஏரிக்கரை மட்டும் காரணமில்லை என்பது இரண்டு நாட்கள் கழித்துத் தெரிந்தது. அவள் மேசையில் பள்ளித் தோழியிடம் இரவல் வாங்கிய ஒரு தடித்த ஆங்கில நாவல் கிடந்தது. எமிலி எக்ஸ்.ஆர். பான் எழுதி 2018இல் வெளியான 'தி அஸ்டானிஷிங் கலர் ஆஃப் ஆஃப்டர்'. உள்ளே அடையாளத்துக்கு வைத்திருந்த துண்டுக் காகிதத்தில் அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'நமக்கு 16, அவங்களுக்கு 49.'

அந்த வரியின் பொருளை அறிந்துகொள்ளவே நாங்கள் அந்த நாவலை எடுத்தோம். ஒருவர் முன்னிரவிலும் மற்றவர் பின்னிரவிலுமாக, ஒரு வாரத்தில் படித்து முடித்தோம்.

நாவலின் நாயகி லீ, அமெரிக்காவில் வளரும் பதின்பருவப் பெண். தந்தை அமெரிக்க வெள்ளையர், தாய் தைவான்காரர். நெடுநாள் மனச்சோர்வில் உழன்ற தாய் தற்கொலை செய்துகொள்கிறாள். தாய் ஒரு பெரிய செந்நிறப் பறவையாக மாறிவிட்டாள் என்று லீ உறுதியாக நம்புகிறாள். அந்தப் பறவையைத் தேடித்தான், அதுவரை பார்த்தேயிராத தாய்வழித் தாத்தா பாட்டியிடம் தைவானுக்குப் போகிறாள். மகள் வேற்றினத்தவரை மணந்துகொண்டதால் உறவு அறுந்துபோன வீடு அது. பாட்டியின் மொழி பேத்திக்கு அரைகுறை. பேத்தியின் மொழி பாட்டிக்குத் தெரியாது. இறந்தவரின் உயிர் அடுத்த நிலைக்குப் போக நாற்பத்தொன்பது நாட்கள் ஆகும் என்பது அங்கே நிலவும் பௌத்த நம்பிக்கை. அதற்குள் பறவையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று லீ நாட்களை எண்ணுகிறாள். ஆவிகளின் மாதம் எனப்படும் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம், வாசலில் உணவு படைத்துக் காகிதப் பணம் எரிக்கும் வழக்கம், கோயில் ஊதுவத்தி எல்லாம் கதையோடு வருகின்றன. ஊதுவத்தியைக் கொளுத்தினால் புகையில் பழைய நினைவுகள் விரிகின்றன. அவை லீயின் நினைவுகள் மட்டுமல்ல, தாயினுடையவை, பாட்டியினுடையவை. தாய்க்கு ஓர் அக்காள் இருந்ததும் அவள் இளவயதிலேயே இறந்துபோனதும் லீக்கு அங்கேதான் தெரியவருகின்றன. தன் தாய் ஒரு நாளும் உச்சரித்திராத பெயர் அது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். மகள் எதைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் எங்கள் முகத்தைப் பார்த்தாள் என்பது புரிந்துவிட்டது.

நாவலுக்குக் குறைகள் இல்லாமலில்லை. ஓவியம் வரையும் லீ எந்த உணர்வையும் ஒரு நிறத்தின் பெயரால் சொல்வாள். முதலில் புதுமையாக இருக்கும் இந்த உத்தி நானூறு பக்கங்களுக்கு மேல் நீளும்போது பழக்கமாகத் தேய்ந்துவிடுகிறது. நண்பன் ஆக்ஸலோடு வரும் காதல் இழை, பதின்பருவ நாவல் என்றால் இருந்தாக வேண்டும் என்பதற்காக நீட்டப்பட்டதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் பான் தடுமாறவில்லை. தாய் ஏன் இறந்தாள் என்ற கேள்வியோடு புறப்படும் லீ, குடும்பத்தின் ரகசியங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டடைகிறாள். பிளவு, இழப்பு, மௌனம் என்று ஒவ்வொன்றும் விடையைப் போலவே தோற்றம் காட்டுகிறது. கடைசியில் எதுவும் முழு விடையாவதில்லை. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்டிவிட முடியாது என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்கிறாள். 'ஏன்' என்பதற்கு விடை கிடைக்காமலேயே தாயைப் பற்றி அவளால் பேச முடிகிறது.

துப்பறியும் கதைபோல ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்து அதையே காரணமாக நிறுத்தியிருந்தால் நாவல் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும். அதோடு பொய்யாகவும் இருந்திருக்கும்.

துக்கத்தைப் பேசும் இளையோர் நாவல்களில் நாங்கள் முன்பே படித்திருந்த இரண்டு இப்போது வேறு வெளிச்சத்தில் நினைவுக்கு வந்தன. பாட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) நாவலில் பதின்மூன்று வயது கானரின் தாய் புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கிறாள். இரவில் ஒரு யூ மரம் பூதமாக எழுந்து வந்து அவனுக்கு மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை அவன் சொல்லியாக வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அம்மா போய்விடக் கூடாது என்று தவிக்கும் அவனுக்குள்ளேயே, இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்ற நினைப்பும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவனால் தாயைக் கட்டிக்கொள்ள முடிகிறது. இந்நாவலின் மூலக்கருவை உருவாக்கிய எழுத்தாளர் ஷிவோன் டவுட் அதை எழுதி முடிக்கும் முன்பே, 2007இல், புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கருவைத்தான் நெஸ் எழுதி முடித்தார். ஒருவர் சொல்ல முடியாமல் போனதை இன்னொருவர் ஏற்றுச் சொல்வதுகூட ஒருவகை நீத்தார் கடன்தான்.

மற்றது கனடாவின் மேட்டி இனத்தவரான ஷெரீ டிமலின் எழுதிய 'தி மேரோ தீவ்ஸ்' (2017). கனவு காணும் திறனை இழந்துவிட்ட எதிர்கால உலகில், கனவு இன்னும் மிஞ்சியிருக்கும் பூர்வகுடிகளை அவர்களது எலும்பு மஜ்ஜைக்காக வேட்டையாடுகிறார்கள். பிடிபட்டவர்களை அடைக்கும் இடத்துக்குப் பள்ளி என்றே பெயர். அந்தப் பெயர் கற்பனையில் பிறந்ததல்ல. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது 2015இல். நாவலில் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கூட்டத்துக்கு மிக் என்னும் மூத்தவர் இந்த வரலாற்றைக் கதையாகச் சொல்கிறார். மிகச் சிறிய பிள்ளைகளை அந்த வட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள். எந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்வது என்ற கேள்வி அந்தக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. முன்பு படித்தபோது நாங்கள் கவனிக்காமல் கடந்துபோன இடம் அது.

ஓர் இனத்தின் மீது ஓர் அரசு இழைத்த கொடுமையையும் ஒரு வீட்டுக்குள் நடந்த சாவையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பதை அறிவோம். ஆனால் காயம் தலைமுறை தாண்டிக் கைமாறும் விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நடந்தது சொல்லப்படுவதில்லை; நடந்ததைச் சுற்றி உண்டான பழக்கங்கள் மட்டும் பிள்ளைகளிடம் வந்துசேர்கின்றன. எந்தக் கதவைத் தட்டக் கூடாது, எந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பதையெல்லாம் யாரும் கற்றுத்தராமலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அது எப்படி வந்துசேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பூவாடைக்காரியைப் பெற்றவளும் எங்கள் மகளை வளர்த்தவளுமான ஆயா 2023 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. படிப்புக் கெட்டுவிடும், பிள்ளை பயந்துவிடும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு, அன்று காலையே அவளை அவள் தோழியின் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் அழைத்து வந்தோம். ஆயாவின் கட்டில் கிடந்த இடம் அதற்குள் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. மகள் அந்த இடத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. நாங்களும் எதுவும் சொல்லவில்லை.

1987இல் பதினோரு வயதுச் சிறுவனுக்குச் செய்யப்பட்டதையே, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அந்தச் சிறுவனும் அவன் மனைவியுமாகச் சேர்ந்து தங்கள் மகளுக்குச் செய்தோம் என்பது நாவலைப் படித்து முடித்த அந்த வாரத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. அன்பினால்தான் செய்தோம். 1987இல் செய்தவர்களும் அன்பினால்தான் செய்திருப்பார்கள்.

முன்பு பிள்ளைகளுக்கு ஒப்பாரி இருந்தது என்பதை எண்ணிப்பார்க்கிறோம். இழவு வீட்டில் தோளோடு தோள் அணைத்து வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்களின் மடியில் சிறுமிகள் கிடப்பார்கள். இறந்தவர் என்ன உண்டார், யாரிடம் பட்டார், எதற்கு ஏங்கினார் என்று ஒரு முழு வாழ்க்கையும் அந்தப் பாட்டில் வரும். அழுகிறவள் இன்று இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை. தன்னைவிட்டுப் போன அத்தனை பேரையும் அங்கே அழுது தீர்ப்பாள். எங்கள் ஆயா எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அந்த ஒரு மகளைத்தான் அழுதார். பேர் சொல்லாமல், 'முடியாத கூடையே' என்று ஒரு சொல் அவருடைய ஒப்பாரியில் திரும்பத் திரும்ப வரும். அதன் பொருள் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதுமில்லை.

சடங்கு பெரிய காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. காய்ச்சல் என்ற பொய்யோடு ஊர் மறந்துவிட்டிருக்கக்கூடிய ஒரு பெண்ணைத் தெய்வமாக்கி, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வீட்டுக்குள் அழைத்து, புடவை கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. நாவலிலும் நாற்பத்தொன்பது நாட்களும் ஊதுவத்தியும் இல்லையென்றால் லீக்குத் துக்கப்படக்கூட வழி தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் பூவாடைக்காரிக்குக் கிடைத்த இடம் பெயரைக் கொடுத்துப் பெற்ற இடம். தெய்வமான பிறகு அவளைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை என்றாகிவிட்டது. படையலை ஒழுங்காகச் செய்துவந்த நாங்கள் அதற்குள் ஒளிந்துகொண்டோம்.

தமிழில் சிறுவர் இலக்கியத்துக்கு நீண்ட மரபு உண்டு. சாகித்திய அகாதெமி 2010 முதல் அதற்கெனத் தனி விருதும் வழங்கி வருகிறது. பெரியவர்களுக்கான புனைவில் சாவைப் பற்றி எழுதப்படாத பக்கம் இல்லை. இரண்டுக்கும் நடுவே, பதினான்கு வயதிலும் பதினாறு வயதிலும் இருக்கும் ஒருவர் தானாக எடுத்துப் படித்துத் தன் வீட்டை நோக்கிக் கேள்வி கேட்கத் தூண்டும் புனைவு நம்மிடம் மிகக் குறைவு என்றே கருதுகிறோம். எங்கள் மகள் தன் ஆயாவுக்கான துக்கத்தைத் தைபெய் நகரத்தின் ஒரு கோயிலில் கண்டெடுத்தாள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, நன்றிதான். ஆனால் பூவாடைக்காரியைப் பற்றி அவளுக்கு ஒரு தமிழ் நாவல் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இருக்கிறது.

இத்தனை ஆண்டுகள் எதற்காகச் சொல்லாமல் இருந்தோம் என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். மானம், ஊர்வாய், ஆயாவின் மனம் என்று பல காரணங்கள் சொல்லலாம். ஆயா போன பிறகும் சொல்லவில்லையே. உண்மையில் நாங்கள் அஞ்சியது ஒரே ஒரு கேள்விக்குத்தான். சொன்னால் மகள் 'ஏன்?' என்று கேட்பாள். எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஒன்றைப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். பதில் கைவசம் இல்லாமலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதைத்தான் அந்த நாவல் எங்களுக்குக் காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் சொன்னோம். எப்படி இறந்தாள் என்பதை விவரிக்கவில்லை. தானாக முடித்துக்கொண்டாள் என்பதை மறைக்கவுமில்லை. மனச்சோர்வு வைத்தியம் பார்க்க வேண்டிய நோய், அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதற்குப் பெயர்கூடத் தெரியாது, உனக்கு எப்போதாவது மனம் இருண்டால் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு என்பதையும் சேர்த்தே சொன்னோம். ஆயா இறந்த அன்று உன்னை அனுப்பிவைத்தது எங்கள் தவறு என்றும் சொன்னோம். அதற்குத்தான் அவள் அழுதாள். "நானும் ஆயா கால்ல தண்ணி ஊத்தியிருப்பேன்" என்றாள்.

நாங்கள் எதிர்பார்த்த கேள்வி கடைசிவரை வரவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது வேறு: "அத்தைக்கு என்ன புடிக்கும்?"

எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கு அக்காளின் சிரிப்புச் சத்தம் மட்டும் மங்கலாக நினைவிருந்தது. ஆயாவின் தங்கை, எண்பது வயதைத் தாண்டியவர், இன்னும் ஊரில் இருக்கிறார். தொலைபேசியில் அழைத்தோம். பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு, "யாரு கேட்டா?" என்றார். "பேத்தி கேக்குறா, சின்னாயா." அதன்பிறகு ஒரு மணி நேரம் பேசினார். எருமையைக் கண்டால் பயப்படுவாளாம். வேர்க்கடலை உருண்டை என்றால் உயிராம். ஒயர்க்கூடை பின்னுவதில் ஊரிலேயே கைகாரியாம், கேட்டவர்களுக்கெல்லாம் பின்னிக்கொடுப்பாளாம். கடைசியாகப் பின்னியது சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கூடை. ஒரு பக்கத்துக் கைப்பிடி முடியவில்லை. "ஒங்க ஆயா அதத் தூக்கிப் போட உடல. வெங்காயம் போட்டு வெச்சிக்கிட்டா" என்றார்.

அந்தக் கூடை எங்கள் சமையலறையில்தான் இருந்தது. ஆயா எங்களோடு வந்து தங்கியபோது கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளாக அதிலிருந்துதான் வெங்காயம் எடுத்துச் சமைத்திருக்கிறோம். ஒற்றைக் கைப்பிடிக் கூடை என்று கேலிகூடச் செய்திருக்கிறோம். முடியாத கூடை.

2025 பொங்கலுக்கு வீட்டில் முன்னோர்க்குப் படைத்தபோது புதுப்புடவைக்குப் பக்கத்தில் கழுவி உலர்த்திய அந்தக் கூடையை மகள் வைத்தாள். அதற்குள் வேர்க்கடலை உருண்டைகள். கற்பூரம் ஏற்றும்போது பூவாடைக்காரி என்று சொல்லவில்லை. பெயர் சொல்லி, 'அத்தை' என்றும் சேர்த்துக் கூப்பிட்டாள். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் உரக்க ஒலித்த அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டில் சொல்ல வேண்டியவர்கள் முதலில் சொல்லிப் பழகட்டும் என்கிறாள்.

நாங்கள் பழகிக்கொண்டிருக்கிறோம்.